பிடித்த பாடகருக்கு ஒரு டப்பா நெய் பிஸ்கட்

டீயை ஆற்றிக்கொண்டு உட்காருங்கள். கேள்வி சின்னதுதான், பதில்தான் கொஞ்சம் சுற்றி வரும்.

கேட்டவள் என் அக்கா மகள். தனக்கு உயிரான ஒரு கொரியக் குழுவின் கான்சர்ட்டுக்கு டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறாள். கையால் பின்னிய குரோஷா பொம்மை ஒன்று, வீட்டில் சுட்ட பிஸ்கட் ஒரு டப்பா என்று பட்டியல் போட்டுவிட்டாள். "சித்தி, இதை அவங்ககிட்ட எப்படிக் கொடுக்கிறது? கொடுத்தா சாப்பிடுவாங்களா?"

சாப்பிடமாட்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சில குழுக்களிடம் பொம்மை போய்ச் சேரலாம். கடிதம் அநேகமாகச் சேரும். பிஸ்கட் மட்டும் மேடைக்குப் பின்னால் ஏதோ ஒரு மேஜையோடு நின்றுவிடும். அன்பாகச் செய்ததை ஏன் இப்படி ஒதுக்குகிறார்கள் என்று அவளுக்கு முகம் வாடியது. அவள் வயதில் யாருக்கும் வாடும். காரணம் தெரிந்தால் வருத்தம் குறையும், அன்பை எந்த வழியில் அனுப்பலாம் என்பதும் புரியும்.

இந்தக் கதையை 1963-இல் இங்கிலாந்திலிருந்து தொடங்க வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஜெல்லி பேபி பிடிக்கும் என்று ஒரு செய்தி பரவியது. ஜெல்லி பேபி என்பது குழந்தை உருவத்தில் வார்த்த, மெத்தென்ற சர்க்கரை மிட்டாய். அங்கே பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். அவ்வளவுதான், நாடு முழுக்க இருந்த ரசிகைகள் மிட்டாய் வாங்க ஆரம்பித்தார்கள். தபாலில் அனுப்பினார்கள். அதுவும் போதாமல் அரங்குக்கே கொண்டுபோய் மேடையை நோக்கி வீசினார்கள். வீசியவர்கள் எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நான் அனுப்பியது அவர் கையில் விழவேண்டும் என்ற ஆசைதான்.

அந்த வருடம் 15 வயதுப் பெண் ஒருத்திக்கு ஹாரிசன் தன் கைப்பட எழுதிய பதில் கடிதம் ஒன்று பின்னாளில் வெளியே வந்தது. எங்களுக்கு ஜெல்லி பேபி பிடிப்பதே இல்லை, மேடையில் நின்றுகொண்டு இதற்கெல்லாம் குனிந்து நிமிர்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார், நீயே சாப்பிட்டுவிடலாமே, ஒருமுறை கெட்டி மிட்டாய் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, அது விளையாட்டல்ல என்கிற ரீதியில் எழுதியிருக்கிறார். கொஞ்சம் கடிந்துகொள்கிற கடிதம்தான். ஆனாலும் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார், பாருங்கள். மூட்டை மூட்டையாக வந்த மிட்டாய் என்ன ஆனதென்று யாருக்கும் ஞாபகமில்லை. அந்தப் பெண் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது.

அடுத்த வருடம் பீட்டில்ஸ் அமெரிக்கா போனார்கள். 1964 பிப்ரவரி 11, வாஷிங்டன் கொலீசியம், அந்த நாட்டில் அவர்களது முதல் கான்சர்ட். மிட்டாய்ச் செய்தி அவர்களுக்கு முன்பே கடல் கடந்திருந்தது. அமெரிக்காவில் ஜெல்லி பேபி பழக்கமில்லை, ஜெல்லி பீன் உண்டு. வெளியே கெட்டி ஓடும் உள்ளே பிசினுமாக இருக்கும் அது வீசினால் கல் மாதிரி வந்து விழும். அன்றைக்கு மேடையும் குத்துச்சண்டை மேடை போல அரங்கின் நடுவில் இருந்தது. நாலு பக்கமும் ஜனம், நாலு பக்கமிருந்தும் மிட்டாய். உடம்பில் பட்டால் வலிக்கிறது, கிட்டார் தந்தியில் பட்டால் சுரமே தப்பிப் போகிறது என்று ஹாரிசன் பிறகு குறைப்பட்டுக்கொண்டார்.

இதில் நான் கவனிப்பது மிட்டாய் பட்ட காயத்தை அல்ல. ஒருவரைப் பற்றித் தெரிந்த ஒரே ஒரு துணுக்குச் செய்தியைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் பேர் ஒரே பரிசைக் கொடுத்தார்கள். கொடுத்த ஒவ்வொருத்திக்கும் அது தன்னுடைய தனி அன்பு. வாங்கினவருக்கோ அது மழை. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று ஒன்றும் தெரியாத மழை. இன்றைக்கும் பெரிய பாடகர்களுக்குப் போகிற பரிசுகளில் பாதியின் கதி இதுதான். 2023 ஜூன் மாதம் லண்டன் ஹைட் பார்க்கில் பாடகி பிங்க்குக்கு ஒரு ரசிகர் பெரிய சக்கரம் அளவுக்கு ப்ரீ சீஸ் கொண்டுவந்து மேடையில் நீட்டினார். அவரும் சிரித்து வாங்கிக்கொண்டார். ஆனால் பாட்டுக்கு நடுவில் கையில் சீஸை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்யமுடியும்?

சரி, வீசாமல் மரியாதையாகக் கொடுத்தால்?

இப்போது தென் கொரியாவுக்கு வருகிறேன். ரசிகர்கள் பரிசு கொடுப்பதை ஒரு கலையாகவே வளர்த்த நாடு அது. பிறந்தநாளுக்கு அடுக்கு அடுக்கான சாப்பாட்டுப் பெட்டிகள், படப்பிடிப்புத் தளத்துக்குக் காபி வண்டி என்று அவர்கள் செய்வதைப் பார்த்தால் நம்மூர் கல்யாணச் சீர்வரிசை நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட ஊரில்தான் 2006 அக்டோபரில் ஒரு விபரீதம் நடந்தது. டி.வி.எக்ஸ்.க்யூ என்ற பாட்டுக் குழுவின் யுன்ஹோவிடம் ரசிகை மாதிரி வந்த ஒருவர் குளிர்பானம் கொடுத்தார். அவரும் நம்பிக் குடித்தார். அதில் பசை கலந்திருந்தது. மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தது.

அன்போடு வருகிற ஆயிரம் டப்பாக்களில் கெட்டது ஒன்று இருந்தால் போதும். அது எந்த டப்பா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் மேலாளர்கள் வீட்டுச் சாப்பாட்டை மொத்தமாக மறுக்கிறார்கள். உங்கள் பிஸ்கட்டைச் சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். உங்களை அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். நம் வீட்டு வாசலில் முகம் தெரியாத ஒருவர் அதிரசம் வைத்துவிட்டுப் போனால் குழந்தைக்கு எடுத்துக் கொடுப்போமா?

ஒவ்வாமை என்ற இன்னொரு காரணமும் இருக்கிறது. நிலக்கடலையும் முந்திரியும் சிலருக்கு உயிருக்கே ஆபத்து. வீட்டு அடுப்பில் எது எதோடு பட்டது என்று வெளியாளுக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு விமான நிலையத் தொல்லையும் உண்டு. ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் பையில் இருக்கும் தின்பண்டத்தை அறிவிக்காமல் இறங்கினால் அபராதம். பாடப்போகிறவர் பாடுவதற்கு முன் உதிரும் பண்டம் எதையும் தொடவும் யோசிப்பார். ஒரு துணுக்குத் தொண்டையில் நின்றால் அன்றைக்குப் பாட்டு போயிற்று.

பி.டி.எஸ் என்ற கொரியக் குழுவின் நிறுவனம் ரசிகர்களிடமிருந்து கடிதம் மட்டும் போதும், பரிசு வேண்டாம் என்று வைத்திருக்கிறது. வேறு சில நிறுவனங்களும் அப்படித்தான். கொரிய ரசிகர்களிடம் இதற்கு முன்பே வேறொரு வழியும் இருந்தது. அரங்கு வாசலில் பூ வளையங்களுக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை அடுக்கி, மேலே பாடகர் பெயரில் வாழ்த்து ரிப்பன் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். கான்சர்ட் முடிந்ததும் அந்த அரிசி இல்லாதவர்களுக்குப் போய்விடும். என்னைக் கேட்டால், ரசிகர் உலகம் கண்டுபிடித்த பரிசுகளிலேயே உயர்ந்தது இதுதான். பாடகர் பெயரில் யாரோ ஒருவர் வயிறு நிறைகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிஸ்கட் விஷயத்தில் எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் உண்டு. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2014-இல் தன் '1989' ஆல்பம் வெளிவருவதற்கு முன்னால், தேர்ந்தெடுத்த ரசிகர்களைத் தன் வீடுகளுக்கே அழைத்து, முழு ஆல்பத்தையும் போட்டுக் காட்டினார். வந்தவர்களுக்குத் தானே சுட்ட குக்கீஸ் கொடுத்தார். அவருடைய குக்கி ஒன்று நமக்கு ரொம்பவும் நெருக்கம். ஜாய் தி பேக்கர் என்ற சமையல் எழுத்தாளரின் சர்க்கரைக் குக்கி மாவில் மசாலா டீ பையைப் பிரித்துக் கொட்டிச் செய்கிற 'சாய்' குக்கி அது. குறிப்பையும் அவரே வெளியிட்டார். அவர் கொடுத்த குக்கீஸை ரசிகர்கள் யோசிக்காமல் சாப்பிட்டார்கள். யார் கை, எந்த வீட்டு அடுப்பு என்று கண்ணால் பார்த்தார்களே! சமைத்த பண்டத்துக்கு முகம் வேண்டும். முகம் தெரிந்தவர் கொடுத்தால் அது விருந்து. தெரியாதவர் கொடுத்தால் எவ்வளவு நெய் விட்டிருந்தாலும் அது மூடின டப்பாதான்.

அப்படியானால் கையால் செய்து கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்ன செய்வது? ஸ்விஃப்ட்டின் ரசிகைகளே ஒரு வழி காட்டினார்கள். 2022-இல் வந்த 'மிட்நைட்ஸ்' ஆல்பத்தின் ஒரு பாட்டில் தோழிகள் கட்டிக்கொள்ளும் கைவளையல் பற்றி ஓர் அடி வரும். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் க்ளெண்டேலில் அவருடைய 'ஈராஸ் டூர்' தொடங்கியபோது அதைப் பிடித்துக்கொண்டு பாசிமணி வளையல் கோத்து வந்தார்கள். 2024 டிசம்பரில் வான்கூவரில் முடிகிறவரை 149 கான்சர்ட்டுகளிலும் அந்த வளையல்கள் கை மாறிக்கொண்டே இருந்தன. பெரும்பாலும் பாடகியின் கைக்கல்ல, பக்கத்து இருக்கைக்காரியின் கைக்கு. முழங்கை வரை அடுக்கிக்கொண்டு வந்து, முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொண்டு போனார்கள். பாட்டைக் கேட்டு வந்த அன்பை அதே பாட்டைக் கேட்கிற இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது வீணாகாது, எந்த மேஜையிலும் தேங்காது.

அந்த வளையலைக் கோப்பதில் சின்ன நுட்பங்கள் உண்டு. அக்கா மகளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து கோத்தோம். இழுபடும் எலாஸ்டிக் நூலை மணி கோக்கும் முன்பே இரண்டு கையாலும் நன்றாக இழுத்துவிடவேண்டும். இல்லையென்றால் போட்ட பிறகு தளர்ந்து, மணிக்கு நடுவில் நூல் பல்லிளிக்கும். ஒரு முனையில் செல்லோடேப் ஒட்டிவிட்டால் மணி உருண்டு ஓடாது. எழுத்து மணிகளை முதலில் தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகே கோக்கவேண்டும். பாட்டின் பெயரைத் தலைகீழாகக் கோத்துவிட்டுப் பிரிப்பது பெரிய வேலை. முடிச்சைச் சாதாரணமாகப் போடாமல், முதல் சுற்றில் நூலை இரண்டு தடவை உள்ளே விட்டு இறுக்கி, மேலே இன்னொரு முடிச்சு. அதன்மேல் ஒரு சொட்டுப் பசை. காய்ந்ததும் முடிச்சைத் துளை பெரிதாக உள்ள மணிக்குள் இழுத்து மறைத்துவிடலாம். ஆங்கிலப் பெயர்களுக்கு ஈ, ஏ எழுத்து மணிகள்தான் முதலில் தீரும். அவற்றைக் கூடுதலாக வாங்கிவையுங்கள்.

குரோஷா பொம்மையை விடமாட்டேன் என்றால், உள்ளங்கையில் அடங்குகிற அளவில் போடுங்கள். ஊர் ஊராகப் போகிறவர்களின் பெட்டியில் இடம் கிடையாது. பெரிய பொம்மைக்கு எவ்வளவு நாள் உழைத்திருந்தாலும், அதைக் கிடங்கில் வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

கடிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள்தான் என் உயிர் என்று மூன்று பக்கம் எழுதாதீர்கள். அதை அவர்கள் நாளெல்லாம் படிக்கிறார்கள். எந்தப் பாட்டில், எந்த இடத்தில், என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாவது சரணத்தில் ட்ரம்ஸ் நின்று குரல் மட்டும் போகிறதே, அந்த இடத்துக்காகப் பேருந்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன் என்று எழுதினால், அந்த இடத்தை யோசித்து அமைத்தவருக்கு அது போய்த் தைக்கும். ஒரு பக்கம் போதும். எழுத்து புரியும்படி இருக்கட்டும்.

கையால் செய்த பரிசு ஒன்று இசைக்கலைஞர் ஒருவரோடு என்றென்றைக்கும் ஒட்டிக்கொண்ட கதை நம்மிடமே இருக்கிறது. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக என்றே உருவாக்கிய பட்டின் நீலம், 'எம்.எஸ். ப்ளூ' என்ற பெயரில் இன்றும் ஜவுளிக்கடைகளில் கேட்டு வாங்கப்படுகிறது. தன் தொழிலில் தனக்குத் தெரிந்ததை, உடுத்தப்போகிறவரை மனதில் வைத்துச் செய்திருக்கிறார். நமக்கு அந்த அளவு கை வராது. ஆனால் யாருக்குச் செய்கிறோமோ அவரைக் கவனித்துப் பார்த்துச் செய்வது எல்லாருக்கும் வரும்.

உங்கள் ஊர் சபாவில் மிருதங்கம் வாசிக்கிறவரைப் பாருங்கள். கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடது பக்கத் தோலில் அப்புவார். சுருதி சேர்க்க ஒரு கல்லும் மரக்கட்டையும் வைத்திருப்பார். இவை எல்லாம் பெரும்பாலும் ஏதோ ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கும். ரவை டப்பாவுக்கு ஓர் அறை, கல்லுக்கு ஓர் அறை, கை துடைக்கும் துண்டுக்கு ஓர் அறை என்று கெட்டித் துணியில் சுருக்குப் பை தைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு கச்சேரியிலும் அது மேடைக்குப் போகும். வயலின்காரர்களும் வீணை வாசிக்கிறவர்களும் விரல் வழுக்க எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். அதைத் துடைக்கப் பழைய வேட்டித் துணியை விளிம்பு மடித்துத் தைத்துக் கொடுத்தால், அவர்களுக்குக் கடையில் வாங்குவதைவிட அதுதான் உதவும். பொன்னாடை இவர்கள் வீட்டில் பீரோ நிறைய இருக்கிறது. இன்னொன்று வேண்டியதில்லை.

பிஸ்கட்டுக்கும் இங்கேதான் இடம். உங்கள் முகம் தெரிந்த இசைக்காரர்களுக்குச் செய்யுங்கள். உங்கள் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லித்தரும் டீச்சர், மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கும் தம்பி, தெருக் கோயில் நாதஸ்வரக்காரர் எல்லாரும் உங்களை நம்பிச் சாப்பிடுவார்கள்.

நெய் பிஸ்கட்தான் இதற்குச் சரியானது. கேக்கில் ஈரம் உண்டு, நம் வெயிலில் சீக்கிரம் கெடும். வெண்ணெய் பிஸ்கட்டுக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு, சர்க்கரை ஒன்று என்று எடை வைத்திருக்கிறார்கள். வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது, நெய்யில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் நெய் குறைவாகப் போதும், பண்டமும் அதிக நாள் தாங்கும். மைதா 150 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், நெய் 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்ப் பொடி. உருக்கின நெய் வேண்டாம், உறைந்த பதத்தில் இருக்கவேண்டும். நெய்யையும் சர்க்கரையையும் முதலில் வெளுக்கத் தேய்த்துவிட்டு, மாவைச் சேர்த்துச் சேரும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் கரையாது, கடிக்கவேண்டியிருக்கும். மாவு சேராமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், அரை ஸ்பூன் நெய் விடுங்கள். சின்ன உருண்டைகளாக்கி லேசாகத் தட்டி, 160 டிகிரியில் பதினெட்டு, இருபது நிமிடம். அடிப்பக்க ஓரம் பொன்னிறமானால் எடுத்துவிடலாம், மேலே வெள்ளையாகத்தான் இருக்கும். சூட்டில் தொட்டால் மெத்தென்றிருக்கும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே வைத்துவிடாதீர்கள், ஆற ஆற இறுகும். முழுக்க ஆறின பிறகே டப்பாவில் அடுக்கவேண்டும். சூடாக மூடினால் ஆவி இறங்கி, மறுநாள் நமுத்துப்போகும். மசாலா டீ வாசம் வேண்டுமானால் டீத்தூளும் சுக்கும் பட்டையும் நைசாகப் பொடித்து ஒரு ஸ்பூன் மாவோடு சலித்துச் சேருங்கள்.

காற்றுப்புகாத டப்பாவில் பத்து நாள் நன்றாக இருக்கும். வாயில் போட்டால் உதிர்கிற பண்டம் என்பதால் வாசிப்பதற்கு முன் நீட்டவேண்டாம். நாதஸ்வரச் சீவாளியில் ஒரு துணுக்கும் நெய்ப்பசையும் ஒட்டினால் சத்தமே மாறும்.

அக்கா மகள் இப்போது கான்சர்ட்டுக்குக் கடிதமும் வளையல்களும் மட்டும் எடுத்துப் போகிறாள். பிஸ்கட்டை அவளுடைய வாய்ப்பாட்டு டீச்சருக்குச் சுடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் அடுத்த திருவிழாவில் சாமி புறப்பாடு முடிந்து நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் கருவியை உறையில் போடுகிற நேரம் பார்த்து, ஒரு டப்பாவை அவர்கள் கையில் கொடுங்கள். என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் சுட்டீர்கள் என்று மூடியின்மேல் எழுதி ஒட்டுங்கள். சர்க்கரை இருப்பவர்களா என்று வீட்டாரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.